வாய்விட்டுப் படிக்காத பாடம்

போன வாரம் பேக்டரியில் எங்கள் எல்லோரையும் உடம்புப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஹெல்த் சென்டரில் ஒரு சின்னப் பெண்தான் நர்ஸ். பிரஷர் பார்த்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். பிறகு பேண்டைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நீரில்ல சேட்டா, பொய்க்கோ" என்றாள்.

போகலாம் என்று சொல்லியும் நான் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

மலையாளத்தில் வீக்கத்துக்கு நீரு என்று பேர். நமக்கு நீர் என்றால் தண்ணீர். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பாஷையும் சொல்வது ஒன்றுதான். காலில் வீங்குவது தண்ணீர்தான். இது எனக்கு அக்கா படித்ததால் தெரியும். நான் படித்ததால் தெரிந்தது குறைவு. ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். இரண்டு பேருக்கும் நிம்மதி.

கையால் அமுக்கிப் பார்க்கிற வேலையை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில் இல்லை, தேயிலை பேக்டரியில். அப்பா அங்கே மாடியில் இலை வாட வைக்கிற பகுதியில் இருந்தார். பறித்து வந்த பச்சை இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விடுவார்கள். அறுத்த புல்லும் பழுத்த ஆப்பிளும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் வீடு முழுக்க அந்த வாசனைதான். இலை வாடிவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். பிறகு கையை விரிப்பார். இலை பொலபொலவென்று எழுந்தால் இன்னும் வாடவில்லை. பிடித்த பிடியிலேயே உருண்டையாக நின்றால் பதம் வந்துவிட்டது, அரைக்க அனுப்பலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னையும் அப்படிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு எல்லா இலையும் ஒரே மாதிரி இருந்தது. கீழே டிரையரில் போட்டார்கள் என்னை. அங்கே சூடு மட்டும்தான், யோசனை வேண்டியதில்லை.

செல்வி அக்கா அப்போது லைசன்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கர்நாடகத்தில் நர்ஸிங் முடித்து, கீழே டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்திருந்தாள். கல்ஃபுக்குப் போக இந்தப் பரீட்சை தேறியாக வேண்டும். அதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தாள். அதுதான் நர்ஸ் என்று ஏற்கெனவே சர்டிபிகேட் இருக்கிறதே, மறுபடி என்ன பரீட்சை என்று அப்பா கேட்டார். ஜீப் ஓட்டுகிறவன் லாரி ஓட்ட வேறு லைசன்ஸ் எடுப்பதில்லையா, அந்த மாதிரி என்றாள். அப்பாவுக்குப் புரிந்தது. எங்கள் ஊர் சூரியநெல்லியில் ஜீப்பை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் எல்லாம் புரியும்.

அம்மா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மூன்று பேர்தான். வீடு என்றால் லயத்து வீடு. எஸ்டேட் கட்டிக் கொடுத்தது, ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி. நடுச்சுவர் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் இருமுவார்கள்.

அதனால் லயத்தில் படிப்பு என்றால் சத்தம். எழுத்துத் தெரியாத அப்பா அம்மா, பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்தான். சத்தம் வந்தால் படிக்கிறது. சத்தம் நின்றால் உள்ளே வேறு என்னவோ நடக்கிறது, ஒரு அதட்டு அதட்ட வேண்டும். என்னையும் அப்பா அப்படித்தான் வளர்த்தார். நான் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். அவர் அந்தப் பத்தியை மனப்பாடமாக வைத்திருந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் நான் விட்ட வரியை அவர் எடுத்துக் கொடுத்தார்.

அக்கா நர்ஸிங் படித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முக்கியமான விஷயங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, டீத்தூள் பெட்டி அட்டையை வெட்டி அதில் எழுதினாள். ஒரு பக்கம் கேள்வி, ஒரு பக்கம் பதில். இங்கிலீஷ் வார்த்தைகளை எனக்காகத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஷிப்ட் முடிந்து நான் வந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அட்டைகளையும் கொடுப்பாள். நான் கேட்க வேண்டும், அவள் சோறு வடித்துக்கொண்டே சொல்வாள். முதல் நாளே எடிமா என்றிருந்ததை 'எடும்மா' என்று படித்தேன். எதை எடுக்க என்று கேட்டுவிட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள். எடிமா என்றால் நீர்க்கோவை, கால் வீக்கம் என்று அப்புறம் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கி அத்தை. அப்பாவுக்கு உடன்பிறந்தவள் இல்லை, ஆனாலும் அத்தைதான். கொழுந்து கிள்ளிவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போது அவளுக்கு அக்கா சொல்வது எல்லாம் கேட்கும். இரண்டு வகை இன்சுலினை ஒரே ஊசியில் எடுக்கும்போது எதை முதலில் எடுக்க வேண்டும் என்று நான் கேட்பேன். தெளிந்தது முந்தி, கலங்கினது பிந்தி என்று அக்கா சொல்வாள். மறுநாள் காலையில் குழாயடியில் அத்தை இதையே சொல்லி, குடிக்கிற தண்ணீர் பிடிக்கிறவர்களை முன்னால் விட்டு, பாத்திரம் கழுவ வந்தவர்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். பாடத்தில் அடிக்கடி வந்த பொட்டாசியம் என்ற சொல்லே அக்காவுக்கு லயத்தில் பேராக விழுந்தது. "பொட்டாசியம் வாரா, வழி விடுங்கட்டி" என்பார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது நாலு கலர் பாடம். பெரிய விபத்து நடந்து ஒரே நேரத்தில் நிறையப் பேர் அடிபட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்பது கேள்வி. ஒவ்வொருவர் மேலும் ஒரு கலர் அட்டை கட்ட வேண்டும். நடந்து வருகிறவனுக்குப் பச்சை, அவன் காத்திருக்கலாம். மஞ்சள் கொஞ்சம் பொறுக்கும். சிவப்பை உடனே பார்க்க வேண்டும். என்ன செய்தாலும் பிழைக்க மாட்டான் என்றிருப்பவனுக்குக் கருப்பு. அவனிடம் நிற்கக் கூடாது, அடுத்தவனைப் பார்க்கப் போய்விட வேண்டும். இங்கே மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் சரிந்து விழுவதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் இதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. இசக்கி அத்தை மட்டும், சம்பள நாளன்று தள்ளாடிக்கொண்டு வந்த மாமாவைக் கதவில் நிறுத்தி, "எங்க ஆளு பச்சை. நடந்தே வந்துட்டாரு. காத்திருக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள்.

அந்த நாட்களில்தான் அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனது. பாதியில் நின்று, வேறு எதையோ பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குவார். வயசு என்று அவரும் சொன்னார், நானும் நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் காலடியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அமுக்கிவிட்டு எடுத்தாள். குழி விழுந்தது. எழும்பவே இல்லை. மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்தோம்.

அப்பா சொன்னார்: "எலை பதம் வந்துட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இருதயம் விரிந்து தளர்ந்துவிட்டது, மருந்துதான், வேறு செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் அக்காவிடம் தனியாகச் சொன்னார். அப்பாவிடம், "வெள்ளம் கொறைக்கணும் கேட்டோ" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும் என்று அர்த்தம். அது அப்பாவுக்கும் தெரியும். இத்தனை வருஷம் கேரளத்தில் இருந்து வெள்ளம் என்றால் தெரியாதா? ஆனால் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "நம்ம கையிலயா சாரே இருக்கு" என்றார். டாக்டருக்கும் தமிழ் தெரியும் போல. சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் உப்பு போய்விட்டது. கருவாடு போய்விட்டது. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, நர்ஸ் இருக்கிற வீட்டில் சோறு இப்படித்தான் இருக்கும் போல என்று பொதுவாகச் சொல்வார். ஒரு நாள் இசக்கி அத்தை சுவருக்கு மேலே வழியாக நெத்திலி வறுவலைக் கிண்ணத்தில் நீட்டினாள். அக்கா அதை வாங்கி அப்படியே திருப்பி நீட்டினாள். கை மட்டும்தான் தெரிந்தது.

பரீட்சை நெருங்க நெருங்க அக்கா சத்தம் கூடியது. நுரையீரல், சிறுநீரகம், பிரசவம், குழந்தைக்கு மருந்துக் கணக்கு என்று எல்லாம் கேட்டோம். இருதயம் மட்டும் கேட்கவில்லை. அந்த அட்டைகளை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. அந்தப் பாடம் வந்தால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதடுகூட அசையாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அது தோன்றவில்லை. கேட்கச் சொன்னதைக் கேட்கிறவன் நான். அப்பாவுக்குத் தோன்றியது. சத்தம் நின்றால் கவனிக்கிற காது அவருடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் கம்பளியைச் சுருட்டி முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார்.

"செல்வி, சத்தம் நிக்கி" என்றார்.

"மனசுக்குள்ள படிக்கேம்ப்பா."

"மத்ததெல்லாம் வாய்விட்டுதான படிச்ச. இது என்ன பாடம்?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"என் பாடம்தான. சத்தமா படிட்டி. என் ஒடம்பு, நான் கேக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? கையை நீட்டினேன். அட்டைகளைக் கொடுத்தாள். வழக்கம்போல நான் கேட்டேன், அவள் சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டும் என்றாள். ஆமாம் என்றார் அப்பா. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என்றாள். அவர் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பளியைப் பார்த்தார். காலில் நீர் கோக்கும். ஆமாம். எடை திடீரென்று கூடும். ஆமாம். பசி இருக்காது. உப்பில்லாமல் யாருக்குப் பசிக்கும் என்றார். அந்தப் பக்கம் இசக்கி அத்தை வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

இந்த நோய்க்கு என்ன பேர் என்று அப்பா கேட்டார். ஹார்ட் பெயிலியர் என்று அட்டையைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

அப்பா விரலை மடக்கி எண்ணினார். "அப்ப நம்ம வீட்டுல ரெண்டு பேரு பெயிலு. இவன் ஒம்பதாவது பெயிலு, நான் ஹார்ட்டு பெயிலு. நீயாவது பாஸ் பண்ணுட்டி."

அக்கா புத்தகத்தை மூடினாள். தான் பரீட்சைக்குப் போகவில்லை என்றாள். போனால் பாஸாகிவிடும், பாஸானால் ஊரை விட்டுப் போக வேண்டும், இவரை இப்படி வைத்துவிட்டு எப்படிப் போக என்றாள். கீழே டவுனிலேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் இருந்துகொள்கிறேன் என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள். பல நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "நாலு கலர் சொன்னியே. பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சவனுக்கு என்ன கலரு?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை நான் அவளிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பதில் தெரியும். கையிலிருந்த அட்டைகளை அடுக்கினேன்.

"கருப்பு" என்று அவரே சொன்னார். "அவங்கிட்ட நிக்கப்படாது. அடுத்த ஆளப் பாக்கப் போயிரணும். நீ படிச்சதுதான?"

"அது லாரி கவுந்தாப்பா. வீட்டுக்கு அப்படி இல்ல."

"வீட்டுக்கு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இசக்கி அத்தை மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா இருதயப் பாடத்தை முதலிலிருந்து சத்தமாகப் படித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

பரீட்சை கொச்சியில். நான் கூடப் போனேன். மலை இறங்கும்போது அவளுக்கு எப்போதும் வாந்தி வரும், அன்றும் வந்தது. பெரிய கட்டடத்துக்குள் கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை, முடிந்ததும் ரிசல்ட் அதிலேயே தெரிந்துவிடும். எதிரில் ஒரு டீக்கடையில் நின்றேன். எங்கள் ஊர் டீயா என்று கேட்டேன். கடைக்காரர் பால் பாக்கெட்டின் பேரைச் சொன்னார். அக்கா வெளியே வந்தாள். ரோட்டைத் தாண்டி வந்து, "பாஸ்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் நல்லது என்றேன்.

அப்பாதான் கொண்டாடினார். ஜிலேபி வாங்கிவரச் சொல்லி, லயம் முழுக்க என்னைக் கொடுக்கச் சொன்னார். தான் நடந்தால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும் என்று வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்களிடம், "எம்மவ லைசன்ஸ் எடுத்துட்டா, இனி எந்த வண்டியும் ஓட்டலாம்" என்றார்.

விசா வந்து அவள் கிளம்பின நாளில் ஜீப் எங்கள் வாசல் வரை வர முடியாமல் மேலே ரோட்டில் நின்றது. அப்பா வர வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று யாரிடமாவது ஒரு வார்த்தை பேசி, அப்படியே மேலே வந்துவிட்டார். ஜீப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை டிரைவரிடம் டயரைப் பற்றி விசாரித்தார். பிறகு அக்காவிடம், "பாத்தியா, நடந்தே வந்தேன். நான் பச்சை" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாளா, சும்மாதான் பிடித்தாளா, எனக்குத் தெரியாது. விட மனசில்லாமல் விட்டாள்.

பிறகு போனில்தான். லயத்துக்குள் டவர் கிடைக்காது. மேலே ரோட்டில் பாறைக்குப் பக்கத்து வளைவில் போய் நிற்க வேண்டும். அக்கா கேட்பாள், நான் சொல்வேன். வேலை மாறிவிட்டது. இப்போது கேள்வி அவளுடையது. படுக்கிறாரா, உட்கார்ந்தே தூங்குகிறாரா. வீக்கம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டதா. எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார். பேசும்போது நடுவில் மூச்சுக்கு நிறுத்துகிறாரா. நான் அப்பாவைப் பார்த்து வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்துகொண்டு, வளைவுக்கு ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் பத்தாவதுக்குப் போயிருப்பேன். அவள் கேட்டுவிட்டு, இந்த மாத்திரையை ஒன்று கூட்டு, டாக்டரிடம் இதைச் சொல் என்று சொல்வாள். இரண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம்.

அடைமழையில் ஒரு மத்தியானம் வளைவில் நின்று சொன்னேன். அப்பா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, உதடு நீலமாக இருக்கிறது, என்னைச் சில நேரம் வேறு யாரோ என்று நினைக்கிறார். டவர் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

"தம்பி, இனிமே ஜீப்புல தூக்கிப் போட்டு அலையாத. சாச்சு உக்கார வையி. கையப் பிடிச்சிக்கோ. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாம்ல."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் ஏதோ மிஷின் சத்தம், யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அடுத்த பெட்டில் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும் என்றாள். போ என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபடி செய்தேன். இசக்கி அத்தை வந்து மறு கையைப் பிடித்துக்கொண்டாள். இலை வாசனை அவர் கையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மழை தகரத்தில் பெய்த சத்தத்தில் அவர் மூச்சு எப்போது நின்றது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவள் என்று அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம்தான் வந்தாள். அப்பாவைப் புதைத்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றாள். கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறாள். வீட்டுக்குள்ளேயே டவர் கிடைக்கிறது. நல்லா இருக்கியா என்பாள், இருக்கேன் என்பேன். அதற்கு மேல் கேள்வி என்று ஒன்றும் எங்களுக்குள் இல்லை.

இசக்கி அத்தை மகனோடு போடிக்குப் போய்விட்டாள். லயத்தில் பாதி வீடுகளில் ஜார்க்கண்ட் ஆட்கள். எஸ்டேட்டில் கூரையை மாற்றும்போது, நடுச்சுவருக்கு மேலே இருந்த இடைவெளியையும் ஷீட் வைத்து அடைத்துவிட்டார்கள். குளிருக்கு நல்லதுதான். அத்தை இருந்த வீட்டில் இப்போது இருக்கிறவர்களும் நம் ஆட்கள், சங்கரன்கோவில் பக்கம். போன மாதம் அந்த வீட்டுப் பெண் லட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. எதற்கு என்று கேட்டேன். லைசன்ஸ் பரீட்சை பாஸாகிவிட்டேன் அண்ணே, அயர்லாந்து போகிறேன் என்றது. ஒரு வருஷமாகப் படித்ததாம். போனில் படிக்கிறது, காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறது. ஒரு சுவர்தான் நடுவில். ஒரு வருஷத்தில் ஒரு சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதன் அப்பாவும் இரண்டு மாதமாக வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.